பழைய ஏடுகள் விடுக்கும் எச்சரிக்கை

2023 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆம் திகதி அதிகாலையில் தென் துருக்கியையும் வட சிரியாவையும் உலுக்கிய பூமியதிர்ச்சியில் 50 ஆயிரத்துக்கும் அதிகமான மக்கள் மாண்டனர். 7.8 அளவில் பதிவான அந்தப் பேரழிவைப் பலரும் எதிர்பாராத அனர்த்தம் என்றே வர்ணித்தனர். ஆனால், அப்பிரதேசத்தின் பழைய ஏடுகளைப் படித்தவர்களுக்கு அது எதிர்பாராததாக இருந்திருக்க முடியாது.

பூமியதிர்ச்சியை அளக்கும் கருவிகள் பாவனைக்கு வந்து ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டே ஆகின்றது. நிலத்தட்டுகளோ பல நூற்றாண்டுகளாக அழுத்தத்தைச் சேர்த்து வைத்து ஓரிரு நிமிடங்களில் வெளியிடுபவை. 20 ஆம் நூற்றாண்டில் துருக்கியைத் தாக்கிய பேரதிர்ச்சிகளுள் 1939 ஆம் ஆண்டின் எர்சின்ஜான் அதிர்ச்சி, 1999 ஆம் ஆண்டின் இஸ்மித் அதிர்ச்சி உட்படப் பல, வட அனத்தோலியப் பிளவிலேயே நிகழ்ந்தன. கிழக்கு அனத்தோலியப் பிளவு ஒப்பீட்டளவில் அமைதியாகவே இருந்தது. கருவிகளின் பதிவுகளை மாத்திரம் பார்ப்பவர் அங்கு ஆபத்துக் குறைவு என்ற முடிவுக்கே வந்திருப்பார்.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் பேராசிரியராக விளங்கிய நிக்கலஸ் அம்பிரசேஸ், இந்த அமைதி தற்காலிகமானதே என்பதை 1989 ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினார். அவர் ஆதாரமாகக் கொண்டவை பழைய எழுத்துக்களே. 1114 ஆம் ஆண்டில் மராஷ் நகரம் அழிந்ததை ஆர்மீனிய வரலாற்றாசிரியரான எடெஸ்ஸாவின் மத்தேயு எழுதி வைத்துள்ளார். 2023 இல் பெரிதும் சிதைந்த கஹ்ரமான்மராஷ் அதே நகரம்தான். 1822 இல் ஹலப் நகரமும் 1872 இல் அந்தாக்கியாவும் நாசமாகின. 15 ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் சுயூத்தி, தமது காலம் வரையிலான பூமியதிர்ச்சிகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதியிருந்தார். இஸ்லாமிய உலகின் இப்பதிவுகளுக்கு இன்றைய அறிவியல் பெரிதும் கடமைப்பட்டுள்ளது.

எனினும், எழுதப்பட்ட அனைத்தும் உண்மையாகி விடுவதில்லை. 1138 ஆம் ஆண்டு ஹலப் அதிர்ச்சியில் 2 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்தனர் என்ற கணக்கு நெடுங்காலமாக எடுத்தாளப்பட்டு வந்தது. வெவ்வேறு இடங்களில், அடுத்தடுத்த ஆண்டுகளில் நிகழ்ந்த அதிர்ச்சிகளின் விபரங்கள் பிற்காலத்தவரால் ஒன்றாகக் கலக்கப்பட்டதன் விளைவே அத்தொகை என்பதை அம்பிரசேஸ் எடுத்துக்காட்டினார். எழுதியவர் நேரிற் கண்டவரா, செவிவழி கேட்டவரா, எந்த நாட்காட்டியைப் பின்பற்றினார் என்றெல்லாம் வினவிய பின்னரே ஏடு சான்றாகின்றது. ஓர் ஊரைப் பற்றிய குறிப்பு இல்லாமையும் அவ்வூர் அதிராமல் இருந்தது என்பதற்கு அத்தாட்சியாகாது. எழுதுவதற்கு அங்கு எவரும் இல்லாதிருந்திருக்கலாம்.

இது எமக்கு அந்நியமான விடயம் அல்ல. 1881 ஆம் ஆண்டு டிசெம்பர் 31 ஆம் திகதி கார் நிக்கோபார் தீவருகே ஏற்பட்ட அதிர்ச்சியினால் எழுந்த அலைகளை வங்காள விரிகுடாத் துறைமுகங்களின் கடல்மட்ட அளவீடுகள் பதிந்து வைத்திருந்தன. அப்பதிவுகளைக் கொண்டு அந்த அதிர்ச்சியை மதிப்பிட்ட ஆய்வு 2003 ஆம் ஆண்டில் வெளியாகியது. மறு ஆண்டே, 2004 டிசெம்பர் 26 இல், ஆழிப்பேரலை எமது நாட்டில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. 1881 இன் அலைகள் சிறியவை. அவற்றை மாத்திரம் கொண்டு 2004 இன் பேரழிவை ஊகித்திருக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும் இக்கடலில் பூமி அதிர்ந்தால் அலை எழும் என்பதற்கு அவை எழுத்திலிருந்த சாட்சி. அது ஆய்வாளரின் மேசையைத் தாண்டி முல்லைத்தீவையோ கல்முனையையோ வந்தடையவில்லை. கடல் உள்வாங்கியபோது வேடிக்கை பார்க்கச் சென்ற எமது பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

ஏடு இருந்தும் பயன்படாமற் போவது ஒரு துயரம் என்றால், ஏடே இல்லாமற் போவது மற்றொரு துயரம். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்துடன் எரிந்துபோன சுவடிகளில் இயற்கையின் சீற்றம் பற்றிய குறிப்புகள் எத்தனை இருந்தன என்பதை இனி எவரும் அறிய முடியாது. எஞ்சியிருப்பவற்றையாவது காப்பாற்றுவது எமது கடமையாகும். ஆலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் உள்ள பழைய பதிவேடுகள், கச்சேரிக் கோவைகள், குடும்பங்களிடமுள்ள கையெழுத்துக் குறிப்புகள் என்பன கறையானுக்கு இரையாகுமுன் படியெடுக்கப்பட வேண்டும். பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறையினரும் புவியியல் துறையினரும் இப்பணியில் ஒன்றிணைவது அவசியம். 2004 ஐ நேரிற் கண்டவர்களின் வாக்குமூலங்களும் அவர்கள் வாழும் காலத்திலேயே எழுத்தில் வரவேண்டும்.

துருக்கியில் ஆபத்து அறியப்பட்டிருந்தது, கட்டட விதிகளும் இருந்தன. அவற்றை மீறி எழுந்த கட்டடங்களுக்கு 2018 இல் பொதுமன்னிப்பும் வழங்கப்பட்டது. ஏடுகள் எச்சரிக்கத்தான் முடியும். அதனைச் சட்டமாக்கி, சட்டத்தைச் சுவரிலும் தூணிலும் நிலைநாட்ட வேண்டியவர்கள் ஆட்சியாளர்களே. எமது கரையோரங்களில் மீண்டும் கட்டடங்கள் பெருகிவரும் இவ்வேளையில், இதனை அவர்கள் மறந்துவிடலாகாது.