மேடையை விட்டுப் போனவர்... 80 வயதில் ராஜாவாகத் திரும்பினார்!

2016 நவம்பர். லண்டன் ஓல்டு விக் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகம். மூன்று மகள்களுக்கு ராஜ்ஜியத்தைப் பங்கு பிரிக்கப் போய், முகஸ்துதியில் ஏமாந்து, புயல் மழையில் புத்தி பேதலித்து அலையும் கிழட்டு ராஜாவின் கதை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். திடகாத்திரமான நடிகர்களுக்கே மூச்சு வாங்கும் வேடம் அது.

அந்த ராஜாவாக மேடையேறியவர் 80 வயதுப் பெண்மணி. ஒல்லி உடம்பு, குட்டையாக வெட்டிய தலைமுடி. அதற்கு முன் 20 வருடங்களுக்கும் மேலாக அவர் எந்த மேடையிலும் ஏறியதில்லை. நடிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பிரிட்டன் நாடாளுமன்றத்தில் எம்.பி-யாக இருந்தவர்.

அவர் பெயர் கிளெண்டா ஜாக்சன்.

கொத்தனார் மகள்

இங்கிலாந்தின் வடமேற்கில், பர்கன்ஹெட் என்ற துறைமுக ஊரில் 1936-ல் பிறந்தவர் கிளெண்டா. அப்பா கொத்தனார். அம்மா வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனவர். நான்கு பெண் பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். 16 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பொழுதுபோக்காக உள்ளூர் நாடகக் குழுவில் நடிக்க, அதுவே பிடித்துப் போனது. உதவித்தொகை கிடைத்து, லண்டனின் புகழ்பெற்ற 'ராடா' நாடகக் கல்லூரிக்குப் போனார்.

அங்கே கிடைத்த ஆரூடம் கசப்பானது. 'நாயகி முகம் இல்லை. 40 வயதுக்கு முன்னால் பெரிதாக வேலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதே' என்று கல்லூரித் தலைவரே சொன்னதாகப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1957-ல் மேடையேறிய பிறகும் பல வருடங்கள் அந்த வார்த்தை பலிப்பது போலத்தான் இருந்தது. சிறு ஊர்களில் நாடகம், நடுநடுவே வேலையில்லாத நாட்கள், வயிற்றுப்பாட்டுக்குக் கிடைத்த வேலைகள்.

திருப்பம் 1964-ல் வந்தது. இயக்குநர் பீட்டர் புரூக், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காகப் புதிய நடிகர்களைத் தேடியபோது கிளெண்டாவைக் கண்டெடுத்தார். 'மரா/சாட்' நாடகத்தில், பிரெஞ்சுப் புரட்சித் தலைவரைக் குத்திக் கொல்லும் ஷார்லட் கோர்டே வேடம். லண்டனில் பேசப்பட்ட நாடகம் நியூயார்க்குக்கும் போனது. கிளெண்டாவும் கூடவே போனார்.

வாங்கப் போகாத ஆஸ்கர்

கென் ரஸ்ஸல் இயக்கிய 'விமன் இன் லவ்' படத்துக்காக, 1970-க்கான சிறந்த நடிகை ஆஸ்கர் கிளெண்டாவுக்குக் கிடைத்தது. 'எ டச் ஆஃப் கிளாஸ்' என்ற நகைச்சுவைப் படத்துக்காக 1973-க்கான ஆஸ்கரும் அவருக்கே. இரண்டு முறையும் விழாவுக்கு அவர் போகவில்லை. பொம்மைகள் அம்மா வீட்டுக்குப் போயின. அம்மா தேய்த்துத் தேய்த்துத் துடைத்ததில் தங்க முலாம் போய் உள்ளே இருந்த உலோகமே தெரிய ஆரம்பித்துவிட்டதாம்!

நடுவில், 1971-ல் பி.பி.சி-யின் 'எலிசபெத் ஆர்' தொடர். முதலாம் எலிசபெத் ராணியின் இளமை முதல் முதுமை வரை ஆறு பாகங்கள். அந்தக் கால ராணியின் ஏறிய நெற்றிக்காக ஒப்பனைத் தந்திரம் எதையும் நாடாமல், முன்தலையை நிஜமாகவே மழித்துக்கொண்டார். அந்த வேடம் அமெரிக்காவின் எம்மி விருதுகளையும் கொண்டுவந்தது.

55 வயதில் வேறு வேலை

40 வயதுக்குப் பிறகுதான் வேலை கிடைக்கும் என்று சொல்லப்பட்ட நடிகை, 40-ஐத் தொடுவதற்குள் இரண்டு ஆஸ்கர் வாங்கிவிட்டார். உண்மையான சிக்கல் அதற்கப்புறம்தான். நாடகமும் சினிமாவும் எழுதுகிறவர்கள் பெண்ணை மையமாக வைத்து யோசிப்பதே இல்லை என்று கிளெண்டா திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். நடிகருக்கு வயது ஏற ஏற ராஜா, தலைவர், தகப்பன் என வேடங்கள் பெருகும். நடிகைக்கோ சுருங்கிக்கொண்டே போகும்.

மார்கரெட் தாட்சர் ஆட்சியின் கொள்கைகள் மீதும் அவருக்குத் தீராத கோபம். தொழிலாளர் கட்சியில் சேர்ந்து, 1992 தேர்தலில் லண்டனின் ஹாம்ஸ்டெட் அண்ட் ஹைகேட் தொகுதியில் நின்றார். ஆளும் கட்சி வசம் இருந்த தொகுதியைக் கைப்பற்றினார். அத்தோடு நடிப்பை நிறுத்திவிட்டார்.

சும்மா பேருக்கு வந்துபோகும் நட்சத்திர எம்.பி-யாக அவர் இருக்கவில்லை. டோனி பிளேர் அரசில் போக்குவரத்துத் துறை இணை அமைச்சராக இருந்தார். பின்னர் இராக் போர் விவகாரத்தில் அதே பிளேரைக் கடுமையாக எதிர்த்தார். 2010 தேர்தலில் வெறும் 42 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து, 2015-ல் தேர்தலில் நிற்காமல் ஒதுங்கினார். மொத்தம் 23 வருடங்கள்.

வயது 79. இனி மகன் வீட்டில் தோட்ட வேலை பார்த்துக்கொண்டு இருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ராஜாவுக்கு ஏது ஆண், பெண்?

பார்சிலோனாவில் அவருடைய தோழி, ஸ்பெயின் நடிகை நூரியா எஸ்பெர்ட், லியராக நடித்ததைப் பார்த்தார் கிளெண்டா. தானும் ஏன் நடிக்கக் கூடாது என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. குழந்தையாக இருக்கும்போதே ஆணையும் பெண்ணையும் பிரித்து வளர்க்கிறோம், வயதாக ஆக அந்தக் கோடு அழிந்துபோகிறது என்பது அவர் தந்த விளக்கம்.

பெண்ணுக்கு எழுதித் தராத பெரிய வேடத்தை, ஆணுக்கு எழுதியதிலிருந்து எடுத்துக்கொண்டார். லண்டன் விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 2018-ல் நியூயார்க்கில் 'த்ரீ டால் விமன்' நாடகத்தில் 90 வயதைத் தாண்டிய மூதாட்டியாக நடித்து, அமெரிக்க நாடக உலகின் உயரிய டோனி விருதைப் பெற்றார். ஆஸ்கர், எம்மி, டோனி மூன்றையும் நடிப்புக்காக வாங்கிய மிகச் சிலரில் ஒருவரானார். அடுத்த வருடமே அதே பிராட்வேயில் மறுபடி லியர்!

2019-ல் 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்' என்ற தொலைக்காட்சிப் படம். மறதி நோய் முற்றிக்கொண்டே வரும் பாட்டி, காணாமல் போன தன் தோழியைத் தேடும் கதை. நினைவு நழுவும்போது அந்த முகத்தில் வரும் எரிச்சலும் பயமும், வீட்டில் அப்படி ஒரு பெரியவரை வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றாகவே புரியும். பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

கடைசிப் படம் 'த கிரேட் எஸ்கேப்பர்'. முதியோர் இல்லத்தில் யாருக்கும் சொல்லாமல் கிளம்பி, பிரான்சில் நடக்கும் போர் நினைவு விழாவுக்குப் போய்விடுகிறார் ஒரு முன்னாள் படைவீரர். அவருக்கு உடந்தையாக இருக்கும் மனைவியாக கிளெண்டா, கணவராக மைக்கேல் கெய்ன். 1975-ல் ஒரு படத்தில் தம்பதியாக நடித்தவர்கள், இத்தனை வருடம் கழித்து மீண்டும் தம்பதியானார்கள்.

2023 ஜூன் 15 அன்று, 87 வயதில், லண்டனில் தன் வீட்டில் கிளெண்டா காலமானார். படம் அக்டோபரில் திரைக்கு வந்தது. திரையில் வயதான கணவனும் மனைவியும் கை கோத்து உட்கார்ந்திருந்தார்கள். நாயகி முகம் இல்லை என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவர்தான், முதுமையிலும் அந்தப் படத்தின் நாயகி.