நம்ம ஆபீசுக்கு எதுக்கு சார் வீ-லேன்?

தலைப்புல இருக்கற கேள்வி என்னோடது இல்லை. திருவண்ணாமலைல நெட்வொர்க் போட்டுத் தர்றவங்ககிட்ட "கேமராவையும் கணக்குக் கம்ப்யூட்டரையும் தனியா பிரிச்சுப் போடுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. பத்துல ஒன்பது பேர் இதைத்தான் திருப்பிக் கேப்பாங்க. பத்தாவது ஆள் கேக்க மாட்டார். "பண்ணிடலாம் சார்"னு சொல்லிட்டு, பண்ணாம காசு வாங்கிட்டுப் போயிடுவார்.

வீ-லேன் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரே ஸ்விட்ச், ஒரே கேபிள், ஆனா உள்ளுக்குள்ள தனித்தனி நெட்வொர்க். ஒண்ணுல இருக்கறவன் இன்னொண்ணுல இருக்கறவனைப் பார்க்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். பேர்தான் தகராறு. ஒரு லாட்ஜ் ஓனருக்கு நான் விளக்கிக்கிட்டு இருந்தப்ப, மனுஷன் பாதி நேரம் நான் யாரோ ஒரு வில்லனைப் பத்திப் பேசறேன்னே நினைச்சுட்டிருந்தார்.

நம்ம ஊர்ல ஒரு நடுத்தர லாட்ஜை எடுத்துக்குங்க. செங்கம் ரோடோ, தேரடி வீதியோ, எதுவானாலும் சரி, உள்ள இருக்கறது ஒரே படம்தான். ஃபைபர் கம்பெனிக்காரன் வச்சுட்டுப் போன வெள்ளைப் பெட்டி. அதுலேர்ந்து ஒரு பதினாறு போர்ட் ஸ்விட்ச். அந்த ஸ்விட்ச்சுல ரிசப்ஷன் கம்ப்யூட்டர், டேலி ஓடற கம்ப்யூட்டர், கேமராவோட டிவிஆர், கைரேகை வைக்கற அட்டெண்டன்ஸ் மெஷின், பிரிண்டர், மாடிக்கு மாடி வைஃபை. எல்லாமே 192.168.1-ல. வைஃபை பாஸ்வேர்டு ரிசப்ஷன் சுவத்துல லாமினேட் பண்ணி ஒட்டியிருக்கும்.

இப்ப பௌர்ணமி வருது. பதினாலு கிலோமீட்டர் சுத்திட்டு வந்து காலை நீட்டி உக்கார்ற கூட்டம் மொத்தமும் அந்த வைஃபையிலதான். அதுல ஒருத்தர் போனுக்கு 192.168.1.87 கிடைக்குது. டேலி கம்ப்யூட்டர் 192.168.1.5. ரெண்டும் ஒரே தெரு, ஒரே திண்ணை. போன்ல ஒரு இலவச ஸ்கேனர் ஆப் போட்டா அரை நிமிஷத்துல வீட்டு ஜாதகமே வந்துடும். இது டிவிஆர், இது பிரிண்டர், இது விண்டோஸ் மெஷின், இதுல ஷேர் ஃபோல்டர் இருக்கு. அந்த ஷேர் ஃபோல்டர்ல 'எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்'னு டிக் போட்டிருக்கும். ஏன்னா அப்படிப் போட்டாத்தான் ரெண்டாவது கம்ப்யூட்டர்ல டேலி சண்டை போடாம திறக்குது! பக்கத்துலயே 'ஐடி ப்ரூஃப்'னு இன்னொரு ஃபோல்டர். தங்க வந்தவங்க ஆதார் ஸ்கேன், வெளிநாட்டுக்காரங்க பாஸ்போர்ட் ஸ்கேன் எல்லாம் அதுலதான். வெளிநாட்டவர் தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பதியணுமே, அதுக்காக எடுத்து வச்சது. ரமணாசிரமம் பக்கம் சீசன்ல எத்தனை பாஸ்போர்ட் சேரும்னு நான் சொல்லணுமா?

"எங்ககிட்ட என்ன சார் இருக்கு திருடறதுக்கு?" இது அடுத்த கேள்வி.

திருடன் பேர் சொல்லித் தேடிக்கிட்டு வருவான்னு நினைக்கறதுதான் இங்க கோளாறு. 2017 மே 12-ஆம் தேதி கிளம்பின வானாக்ரை யாரையும் பேர் சொல்லித் தேடலை. விண்டோஸ் ஃபைல் ஷேரிங் போர்ட் 445 எங்க திறந்திருக்குன்னு தட்டிப் பார்த்துக்கிட்டே போச்சு. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே பேட்ச் கொடுத்திருந்தது. போடாதவன் எல்லாம் மாட்டினான். சென்னைக்குப் பக்கத்துல நிஸான்-ரெனோ கார் ஆலை மாட்டிச்சு. சரி, அது பெரிய கம்பெனி. ஆந்திரா போலீஸ் ஸ்டேஷன்கள்? வயநாடு பக்கம் ஒரு பஞ்சாயத்து ஆபீஸ்? திருமலை திருப்பதி தேவஸ்தானத்து அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலதும் மாட்டிச்சு. பஞ்சாயத்து ஆபீசுல திருட என்ன இருந்ததாம்? ஒண்ணும் வேண்டாம், பக்கத்து மெஷினுக்கு வழி இருந்தாப் போதும். ஒரு மெஷின்ல விழுந்தது கூடவே இருக்கற அத்தனை மெஷினுக்கும் தாவிச்சு, தடுக்க நடுவுல சுவர் இல்லை.

இன்னும் நேரடியான கேஸ் டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23-ல அங்க சர்வர் படுத்துது. பல நாளைக்கு ஓபி சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாம் பேனா பேப்பர்தான். அஞ்சு சர்வர், சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டுப் போட்டுட்டாங்க. நாடாளுமன்றத்துல அரசு சொன்ன பதில்ல காரணம் என்ன தெரியுமா? நெட்வொர்க்கைச் சரியா பிரிக்காம விட்டது. நான் கண்டுபிடிச்சுச் சொல்லலை, மத்திய அமைச்சகம் எழுதிக் கொடுத்தது. நாட்டோட பெரிய ஆஸ்பத்திரிக்கே அதுதான் காரணம்னா, போளூர் ரோட்டுல ஒரு ஸ்கேன் சென்டர் "எங்களுக்கு எதுக்கு"ன்னு கேக்கறது நல்லாவா இருக்கு?

கேமரா கதை இதைவிட மோசம். பாதுகாப்புக்குன்னு வாங்கி மாட்டறோம், அந்தப் பெட்டிதான் ஆபீசுலயே பாதுகாப்பு இல்லாத சாமான். 2016-ல மிராய்னு ஒண்ணு வந்துச்சு. அறுபது சொச்சம் கம்பெனி பாஸ்வேர்டை ஒரு லிஸ்ட்டா வச்சுக்கிட்டு உலகத்துல இருக்கற டிவிஆர், ஐபி கேமரா, ரூட்டர் எல்லாத்துலயும் போட்டுப் பார்த்துச்சு. லட்சக்கணக்குல திறந்துச்சு. அந்தப் படையை வச்சு அக்டோபர் 21 அன்னைக்கு டைன்ங்கற டிஎன்எஸ் கம்பெனியை அடிச்சதுல ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவுல மணிக்கணக்குல திறக்கலை. அந்த மாதிரி ஒரு டிவிஆர் உங்க டேலி மெஷினோட ஒரே ஸ்விட்ச்சுல தோளோட தோள் உரசிக்கிட்டு உக்காந்திருக்கு. அதுக்கு வருஷக்கணக்கா ஃபர்ம்வேர் அப்டேட் போட்டவங்க யாராவது கை தூக்குங்க பார்ப்போம்.

எனக்கு நிஜமா கோவம் வர்றது இதுக்கெல்லாம் இல்லை. தெரியாதவங்க செய்யறதை மன்னிச்சுடலாம். பிரிச்சுட்டேன்னு சொல்லி ஏமாத்தறாங்க பாருங்க, அங்கதான்.

முதல் ஏமாத்து: "சார், கேமராவுக்கு 192.168.2, ஆபீசுக்கு 192.168.1. பிரிச்சாச்சு." ஸ்விட்ச் அதே பழைய ஸ்விட்ச். வீ-லேன் கிடையாது. நம்பரை மட்டும் மாத்திட்டார். கேமரா ஒயரைப் பிடுங்கி லேப்டாப்புல சொருகி, கையால 192.168.1.200-ன்னு ஐபி போட்டா நேரா ஆபீசுக்குள்ள நிக்கலாம். ஸ்விட்ச்சுக்கு ஐபியே தெரியாது. அது மேக் அட்ரஸைப் பார்த்துத் தள்ளி விடற சாமான். சப்நெட்டுங்கறது ஊருக்குள்ள சாக்பீஸால கோடு போட்ட மாதிரி. மதிக்கறவன் மதிப்பான்.

ரெண்டாவது ஏமாத்து கொஞ்சம் படிச்சவங்க பண்றது. வீ-லேன் நிஜமாவே போட்டிருப்பாங்க. ரூட்டர்ல ஒவ்வொரு வீ-லேனுக்கும் ஒரு ஐபி கொடுத்திருப்பாங்க. அதோட கடையைக் கட்டிடுவாங்க. ஆனா ரூட்டரோட பொழப்பே ஒரு நெட்வொர்க்குலேர்ந்து இன்னொண்ணுக்குக் கொண்டு போய் விடறதுதானே! தடுன்னு நீங்க சொல்லாத வரைக்கும் அது தடுக்காது. மைக்ரோடிக்ல ரெண்டு வீ-லேனுக்கு ஐபி கொடுத்துட்டு ஃபார்வர்டு செயின்ல ட்ராப் ரூல் போடாம விட்டா, விருந்தாளி வைஃபையிலேர்ந்து டேலி மெஷினுக்கு ராஜபாட்டை.

நம்ம கோயிலையே பாருங்க. கிழக்கே பதினோரு நிலை ராஜகோபுரம், தெக்கே திருமஞ்சன கோபுரம், மேக்கே பேய்க் கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். ராஜகோபுரத்துல நுழைஞ்சதும் மூலவர் முன்னாடி போய் நின்னுட முடியுமா? வல்லாள மகாராஜா கோபுரம், அப்புறம் கிளி கோபுரம், அதுக்கப்புறம்தான் உள்ள. பிரகாரத்துக்குப் பிரகாரம் மதில், மதிலுக்கு ஒரு வாசல், கூட்ட நாள்ல வாசலுக்கு ஒரு ஆள். தீபத்தன்னைக்குப் பாஸ் இல்லாம நுழைஞ்சு பாருங்க தெரியும். மதில்தான் வீ-லேன். வாசல் ரூட்டர். வாசல்ல நிக்கற ஆள் ஃபயர்வால் ரூல். மதில் கட்டாம நம்பர் மட்டும் எழுதினது முதல் ஏமாத்து, மதில் கட்டிட்டு வாசல்ல ஆள் நிறுத்தாதது ரெண்டாவது. பல நூறு வருஷமா தினம் இதைப் பார்த்துக்கிட்டே சாமி கும்பிடற ஊர்க்காரங்களுக்கு இதை நான் சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருக்கு!

"ரொம்பச் செலவாகும் சார்"ங்கறதும் சும்மா. ஃப்ரேம்ல நாலே நாலு பைட் சேர்த்து வீ-லேன் நம்பர் ஒட்டற 802.1க்யூ 1998-லயே வந்த ஸ்டாண்டர்டு. 1-லேர்ந்து 4094 வரை நம்பர் இருக்கு, நமக்கு மூணு போதும். எட்டு போர்ட் ஸ்மார்ட் ஸ்விட்ச் ஒண்ணு, மைக்ரோடிக் மாதிரி ஒரு சின்ன ரூட்டர். இல்லைன்னா பழைய ரூட்டர் ஏதாவது தோதா இருந்தா அதுல ஓபன்-டபிள்யூஆர்டி போட்டுக்கலாம், காசே இல்லை. லிங்க்ஸிஸ் கம்பெனி 2003-ல வேற வழியில்லாம வெளியிட்ட சோர்ஸ் கோடுலேர்ந்து கிளம்பி இன்னைக்கும் ஓடிக்கிட்டிருக்கு அந்தப் புண்ணியம்.

நான் ஒரு சின்ன ஆபீசுல போட்டிருக்கறது இதுதான். வீ-லேன் 10 ஆபீஸ், 192.168.10. வீ-லேன் 20 கேமராவும் கைரேகை மெஷினும், 192.168.20. வீ-லேன் 30 வர்றவங்க போறவங்க வைஃபை, 192.168.30. (192.168-ல மட்டும் 65,536 முகவரி இருக்கு. எல்லாரும் அந்த .1-லயே குடும்பம் நடத்தறது ஏன்னு எனக்கு இன்னும் புரியலை.) ரூட்டருக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவுல ஒரே கேபிள், அதுல மூணும் டேக் போட்டுப் போகும். மத்த போர்ட் எல்லாம் ஆளுக்கொரு வீ-லேன், டேக் இல்லாம. ரூல் கொஞ்சம்தான். 10-லேர்ந்து 20-க்குப் போகலாம், 20-லேர்ந்து 10-க்கு வரக்கூடாது, கேட்டதுக்குப் பதில் மட்டும் வரலாம். 30-லேர்ந்து இன்டர்நெட்டுக்கு மட்டும், வேற எங்கயும் கூடாது. ரூட்டரோட லாகின் பக்கம்கூட 30-க்குத் தெரியக்கூடாது, டிஹெச்சிபியும் டிஎன்எஸ்ஸும் மட்டும் கிடைக்கட்டும். 20-க்கு இன்டர்நெட் கிடையாது. ஓனருக்கு வீட்டுலேர்ந்து கேமரா பார்க்கணுமா? போன்ல வயர்கார்டு போட்டு உள்ள வரட்டும்.

மறுப்புகள்ல ஒண்ணே ஒண்ணுக்குத்தான் மரியாதை கொடுப்பேன், அது பிரிண்டர். வேற வீ-லேன்ல இருக்கற போன்லேர்ந்து பிரிண்டர் தானா கண்ணுல படாது. எம்டிஎன்எஸ் அந்த மதிலைத் தாண்டாது. உண்மை. பிரிண்டரை ஆபீஸ் வீ-லேன்ல வச்சு, நிலையான ஐபி கொடுத்தா ஆபீஸ்காரங்களுக்குப் பிரச்சினை இல்லை. வர்றவங்க பிரிண்ட் எடுக்கணும்னா ரிசப்ஷனுக்கு மெயில் பண்ணட்டும். ரெண்டு லேப்டாப்பும் ஒரு பிரிண்டரும் மட்டும் வச்சிருக்கற கடைக்கு இதெல்லாம் வேண்டாம், அதையும் சொல்லிடறேன். வெளியாளுக்கு வைஃபை கொடுத்த நிமிஷம், இல்லை கேமரா மாட்டின நிமிஷம், கணக்கு மாறிடுது.

இன்னொண்ணு, இது பயமுறுத்த இல்லை. 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு, 2025 நவம்பர்ல விதிகளும் வந்தாச்சு. முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம். அடுத்தவங்க தகவலை ஒழுங்காப் பாதுகாக்கலைன்னா அபராதம் அதிகபட்சம் 250 கோடி வரைக்கும். லாட்ஜ்காரர்கிட்ட யாரும் 250 கோடி கேக்கப் போறதில்லை. ஆனா அந்த 'ஐடி ப்ரூஃப்' ஃபோல்டர் யார் பொறுப்புங்கற கேள்விக்கு இனிமே 'நெட்வொர்க் போட்ட தம்பி'ன்னு பதில் சொல்ல முடியாது.

பி.கு: இன்ஸ்டால் பண்றவருக்குக் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி அவரையே உக்கார வச்சு மூணு சோதனை பண்ணச் சொல்லுங்க. விருந்தாளி வைஃபையில லேப்டாப்பைப் போட்டு டேலி மெஷினுக்குப் பிங். கேமரா ஒயரைப் பிடுங்கி லேப்டாப்புல சொருகி, கையால ஆபீஸ் ஐபி போட்டு மறுபடி பிங். அப்புறம் விருந்தாளி வைஃபையிலேர்ந்து ரூட்டரோட லாகின் பக்கம். பிங்குக்காக டேலி மெஷினோட விண்டோஸ் ஃபயர்வாலைக் கொஞ்ச நேரம் அணைச்சு வைங்க, இல்லைன்னா அது தடுத்ததை ரூட்டர் தடுத்ததா நினைச்சுடுவீங்க. மூணுமே தோத்துப் போகணும். ஃபைபர் கம்பெனி வெள்ளைப் பெட்டியோட சொந்த வைஃபையையும் அவர் கையாலயே அணைக்கச் சொல்லுங்க, மறந்துட்டுப் போவார்.