யார் வழியாகப் பார்க்கிறீர்கள்?

பிள்ளைகளுக்கு டெல்லியிலோ புனேயிலோ வேலை. அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலோ பாலக்காட்டிலோ. இப்படி இரண்டு ஊர்களில் குடித்தனம் நடத்தும் பல குடும்பங்களில் இப்போது ஒரு புதிய உறுப்பினர் சேர்ந்திருக்கிறார். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்திலோ அலமாரியின் தலையிலோ உட்கார்ந்திருக்கும் உள்ளங்கை அளவு காமிரா. விலை இரண்டாயிரம், மூன்றாயிரம் ரூபாய். தீபாவளி லீவில் ஊருக்கு வந்த மகன், ரயில் ஏறுவதற்கு முன் அரை மணி நேரத்தில் பொருத்திவிட்டுப் போய்விடுகிறான்.

அந்த அரை மணியில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. போனில் ஆப் இறக்க வேண்டும். திரையில் வரும் க்யூ.ஆர். கோடைக் காமிராவின் மூக்குக்கு நேரே காட்ட வேண்டும். அது 'டிங்' என்று ஒலி எழுப்பினால் வேலை முடிந்தது. ஒலி எழுப்பாமல் மக்கர் செய்தால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: விலை குறைந்த காமிராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே பேசும்; உங்கள் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்திருக்கும். ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டு மறுபடி முயன்றால் சரியாகிவிடும்.

ஆனால் கும்பகோணத்து ஹால் எப்படிப் புனே போனுக்கு வந்தது என்று பொருத்துகிறவர்கள் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அந்தக் காலத்தில் பி.பி. நம்பர் என்று ஒன்று உண்டு. நம் வீட்டில் டெலிபோன் இருக்காது. பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து வைத்திருப்போம். கூப்பிடுகிறவர் அங்கே கூப்பிட, அவர்கள் சுவர் வழியே குரல் கொடுத்து நம்மை அழைப்பார்கள். இன்றைய காமிராக்களில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் வேலை செய்கின்றன. காமிரா வீட்டுக்குள்ளிருந்தபடி தயாரிப்பாளரின் சர்வரைக் கூப்பிட்டு, லைனை வைக்காமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது. புனேயில் நீங்கள் ஆப்பைத் திறந்ததும் அதே சர்வர் உங்கள் இருவரையும் சேர்த்து வைக்கிறது. வசதிதான். ஆனால் பக்கத்து வீட்டு மாமி எவ்வளவு நல்லவர், கதவைச் சாத்திவிட்டுப் போகிறாரா, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாரா என்பது நம் கையில் இல்லை. வைஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சேவை 2024 பிப்ரவரியில் சில மணி நேரம் படுத்து எழுந்தபோது, சுமார் 13,000 வாடிக்கையாளர்களின் ஆப்பில் அடுத்தவர் வீட்டுக் காமிராப் படங்கள் வந்து நின்றன. யாரும் திருடவில்லை. மாமி நம்பரை மாற்றிப் போட்டுவிட்டார், அவ்வளவே.

அப்படியானால் மாமியே வேண்டாம், நேரடி லைன் போட்டுக்கொள்கிறேன் என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. வெளியிலிருந்து இந்தக் கதவைத் தட்டினால் நேரே காமிராவிடம் அனுப்பு என்று சொல்லி வைப்பது. இந்தியாவில் இன்று இது பல வீடுகளில் நடக்காது. இன்டர்நெட்டின் பழைய முகவரி முறையில் மொத்தமே 429 கோடி முகவரிகள்தான். உலகத்துக்கான பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அடுக்குமாடிக் கட்டடம் முழுவதற்கும் ஒரே டெலிபோன் நம்பர் மாதிரி. உங்கள் ரவுட்டரில் எத்தனை கதவைத் திறந்தாலும் வெளியிலிருந்து வருகிறவர் கட்டட வாசலோடு நின்றுவிடுவார். நிலையான முகவரி வேண்டுமென்றால் தனியே பணம் கட்ட வேண்டியிருக்கும்.

பணம் கட்டியும் போர்ட்டைத் திறக்காதீர்கள் என்பது என் கட்சி. தெருவைப் பார்த்துக் கதவைத் திறந்து வைத்தால் தெருவில் போகிற எல்லோருக்கும்தான் அது திறந்திருக்கும். ஷோடான் என்று ஒரு தேடுபொறி 2009 முதல் இருக்கிறது. அது கட்டுரைகளையோ சினிமாப் பாட்டுகளையோ தேடுவதில்லை. இன்டர்நெட்டில் கதவு திறந்து கிடக்கும் சாதனங்களைப் பட்டியல் போடுகிறது. மிராய் என்ற நாசகாரப் புரோகிராமை எழுதியவர்களுக்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பிய பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். லட்சக்கணக்கான காமிராக்களும் ரவுட்டர்களும் திறந்தன. 2016 அக்டோபர் 21 அன்று அந்தப் படையை ஏவிவிட்டபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே அமெரிக்காவில் பல மணி நேரம் எட்ட முடியவில்லை. தங்கள் வீட்டு காமிரா அந்தப் படையில் ஒரு சிப்பாய் என்பது அதன் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது.

அதெல்லாம் அமெரிக்கா சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டின் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் யூடியூபில் தலைகாட்டின. டெலிகிராமில் பணத்துக்கு விற்கப்பட்டன. மருத்துவமனையின் சொந்தக் காமிராவில் பதிவானவை. குஜராத் போலீஸ் சிலரைக் கைது செய்தது. அந்த அறையில் காமிரா எதற்கு என்ற கேள்வியும் பின்னாலேயே வந்தது. விற்றவனை விடவும் எனக்கு உறுத்துவது அந்தக் கேள்விதான்.

தூரத்திலிருந்து பார்ப்பது என்ற ஆசை ஆரம்பித்தது எவ்வளவு அப்பாவியாக! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் பிரிவில், காபிப் பாத்திரம் காலியா நிறைந்திருக்கிறதா என்று இடத்தை விட்டு எழுந்திருக்காமல் தெரிந்துகொள்ள 1991இல் ஒரு காமிரா வைத்தார்கள். 1993இல் அந்தப் படத்தை இன்டர்நெட்டிலும் விட்டார்கள். 2001 ஆகஸ்ட் வரை உலகமே அந்தப் பாத்திரத்தைப் பார்த்தது. காபிப் பாத்திரத்துக்கு வெட்கம் கிடையாது. உங்கள் அம்மா அப்படியல்ல.

சரி, எப்படித்தான் வைப்பது? மூன்றாவது வழி வி.பி.என். பி.பி. நம்பரும் இல்லை, தெருவுக்குத் திறந்த கதவும் இல்லை. உங்கள் போனையே ஊர் வீட்டின் எக்ஸ்டென்ஷன் லைனாக ஆக்கிக்கொள்வது. வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். ராஸ்பெர்ரி பை போதும், பழைய லேப்டாப்பும் ஆகும். அதில் வயர்கார்டோ டெயில்ஸ்கேலோ போட வேண்டும். முகவரியைப் பகிர்ந்து தரும் இணைப்பு என்றால் டெயில்ஸ்கேல் சுலபம். அங்கும் அறிமுகம் செய்து வைக்க ஒரு மூன்றாம் ஆள் உண்டு, ஆனால் படம் பூட்டிய உறையில் போகிறது, அவரால் பிரிக்க முடியாது. இதற்குக் காமிராவில் ஆன்விஃப் அல்லது ஆர்.டி.எஸ்.பி. வசதி இருக்க வேண்டும். வாங்கும்போதே அட்டைப் பெட்டியில் பாருங்கள். அரசின் பாதுகாப்புப் பரிசோதனையில் தேறிய மாடலா என்றும் கேளுங்கள். சி.சி.டி.வி. காமிராக்களுக்கு 2025 ஏப்ரல் 9 முதல் அது கட்டாயம்.

இவ்வளவு செய்யப் பொறுமை இல்லாதவர்கள் பி.பி. நம்பரிலேயே இருக்கலாம், பாவமில்லை. ஆனால் பாஸ்வேர்டை நீளமாக, வேறெங்கும் பயன்படுத்தாததாக வையுங்கள். ஓ.டி.பி. கேட்கும் இரட்டைப் பூட்டைப் போடுங்கள். ரவுட்டரில் யு.பி.என்.பி. என்று ஒன்று இருக்கும். அது உங்களைக் கேட்காமலே கதவு திறக்கும் பேர்வழி, அணைத்துவிடுங்கள். பதிவுகளைக் காமிராவுக்குள்ளேயே மெமரி கார்டில் வைத்துக்கொள்ளலாம். நொடிக்கு 1.5 மெகாபிட் என்றால் நாளுக்கு 16 ஜி.பி.; 128 ஜி.பி. கார்டு ஒரு வாரம் தாங்கும். ஊரில் மின்வெட்டு உண்டென்றால் ரவுட்டருக்கும் காமிராவுக்கும் ஒரு சின்ன யு.பி.எஸ். கட்டாயம். கரண்ட் போன ராத்திரியில்தான் பார்க்கத் தோன்றும்.

இடம் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. வாசல், கொல்லைப்புறம், மாடிப்படியின் அடி. படுக்கையறை கூடாது. ஹால் என்றால் அங்கே வசிப்பவர்களைக் கேட்டுத்தான். கொல்கத்தாவில் ஒரே வீட்டில் குடியிருந்த அண்ணன் தம்பிக்குள் இதுபற்றி வழக்கு வந்தது. உடன் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் காமிரா வைப்பது அவரது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உயர்நீதிமன்றம் சொன்னது; 2025 மே மாதம் உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. அப்பா அம்மா உங்கள் மீது வழக்குப் போட மாட்டார்கள். ஹாலில் சத்தமாகப் பேசுவதையும், மத்தியான வெயிலில் புடவைத் தலைப்பைத் தளர்த்திக்கொண்டு உட்காருவதையும் நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடமும் காமிரா இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பொருத்தி முடித்ததும், அது எந்தப் பிளக்கில் இருக்கிறது என்பதை அவர்களுக்குக் காட்டுங்கள். உறவினர் வந்தால், பூஜை நடந்தால், சும்மா தோன்றினால்கூட அணைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறுங்கள். புனேயில் ஆப் 'ஆஃப்லைன்' என்று காட்டினால், மின்வெட்டா, அவர்களே அணைத்ததா என்று டெலிபோன் செய்து கேட்டுக்கொள்ளலாம்.