கைகளின் வைத்தியம்

1864-ல் மூளை உறைக் காய்ச்சலுக்குத் தம் குழந்தைகள் மூவரைப் பறிகொடுத்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்னும் அமெரிக்க வைத்தியர், அக்காலத்து மருந்துகளில் அடியோடு நம்பிக்கை இழந்து, எலும்புச் சட்டகம் சீராயிருந்தால் ரத்த ஓட்டம் தடைப்படாது, அது தடைப்படாவிடில் தேகம் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்ற ஆஸ்டியோபதிச் சித்தாந்தத்தை வகுத்து, 1892-ல் மிசௌரி மாகாணத்துக் கிர்க்ஸ்வில் ஊரில் ஆஸ்டியோபதிக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அவருடைய துயரத்தை நினைக்கையில் குறைகூற மனம் வருவதில்லை. ஆயினும், ஒரு மனிதரின் சித்தாந்தத்திலிருந்து பிறந்த வைத்தியத்துக்கு, அதைக் காப்பாற்றியாக வேண்டிய சுமையும் கூடவே பிறந்துவிடுகிறது. மண்டையோட்டு எலும்புகளின் நுண்ணிய அசைவை விரலால் உணர்ந்து நோய் தீர்க்கலாம் என்ற கிளைக்கொள்கை, தக்க ஆதாரமின்றியும் இன்றளவும் நிலவுவது இதனால்தான் என்பது என் அபிப்பிராயம்.

பிசியோதெரபியின் பிறப்பு வேறு விதம். 1894-ல் பிரிட்டனில் நான்கு செவிலியர், மஸாஜ் தொழிலின் மானத்தைக் காக்கவென்று கூடி அமைத்த சங்கத்திலிருந்து அங்கே அது வளர்ந்தது. போரில் அங்கம் சிதைந்த சிப்பாய்களும் இளம்பிள்ளை வாதம் கண்ட குழந்தைகளுமே அதன் குருமார்கள். அவர்களை மீண்டும் நடக்கவைக்க எது பயன்பட்டதோ அதையே அது கற்றது. பக்கவாதம் முதல் சுவாச நோய் வரை ஆஸ்பத்திரிப் படுக்கையருகே அது இன்று நிற்பதும் அந்தப் பயிற்சியால்தான்.

அமெரிக்காவில் ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்றோர் முழு மருத்துவர்களாகவே தொழில் புரிகிறார்கள். எனவே ஒப்புநோக்கத் தக்க இடம் பிரிட்டன்தான். அங்கே 1993-ன் சட்டம் ஆஸ்டியோபதியருக்கும் பதிவும் ஒழுங்கும் வகுத்திருக்கிறது. அவர்களைப் போலி வைத்தியர் என்று ஒதுக்குவது நியாயமன்று. வலிக்கும் இடத்தை மட்டும் பாராமல் தேகம் முழுவதையும் தொட்டறிய முயலும் அவர்களுடைய பொறுமை, எந்த வைத்தியனும் போற்றத் தக்கது. ஆனால் 2016-ல் அந்நாட்டில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் நிறுவனம் இடுப்பு வலிக்கென வெளியிட்ட வழிகாட்டி, கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும் சிகிச்சையைத் தேகப்பயிற்சியோடு சேர்த்து அளிக்கலாம் என்றதேயன்றி, தனித்து அளிக்கச் சொல்லவில்லை. பிறர் கை தரும் சுகம் சில நாளில் தணிந்துவிட, நோயாளி தானே பழகிய அசைவு அவனோடு தங்குகிறது. பயிற்சியைத் தன் தொழிலின் நடுவில் வைத்த பிசியோதெரபிக்கே ஆகையால் நான் முதலிடம் தருவேன்.

கைவைத்தியம் நாடும் வாசகர்கள், சிகிச்சை மேஜையை விட்டு எழுமுன், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி யாதென்று கட்டாயம் கேட்க வேண்டுகிறேன். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுக்கடங்காமற் போனாலோ, இவ்விரு வகை வைத்தியரிடமும் செல்லாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.