படிக்கட்டும் பரிதாபமும்

ஆண்டுதோறும் டிசெம்பர் 3ஆந் திகதி நெருங்கியதும் நம் நாட்டுத் தருமவான்களிடையே ஒரு பரபரப்பு ஏற்படுகின்றது. உடற்குறையுடையோருக்கான சர்வதேச தினமென ஐக்கிய நாடுகள் சபை 1992இற் குறித்த நாள் அது. மண்டபம் அலங்கரிக்கப்படும்; மாலைகள் வரும்; பொதிகள் வழங்கப்படும்; புகைப்படக் கருவியின் முன்னே பெறுவோர் தலைகுனிந்தும் கொடுப்போர் தலைநிமிர்ந்தும் நிற்பர். யாருக்காக விழா எடுக்கப்படுகின்றதோ அவர்கள் மேடையேறுவதில்லை. சக்கர நாற்காலி ஏறுவதற்கு அம்மேடையில் வழி வைக்கப்படுவதில்லை. கொடையாளி கீழிறங்கி வந்து கொடுத்துவிட்டு மீண்டும் மேலேறிச் செல்கின்றார்.

பெயர்களை மட்டும் நாம் ஓயாது மாற்றி வந்திருக்கின்றோம். குருடர், செவிடர், முடவர் என்றோம். பின்னர் அங்கவீனர் என்றோம். வலது குறைந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுத்திறனாளிகள் என மரியாதை படிப்படியாக உயர்ந்தது. இழிசொற்கள் ஒழிவது நன்றே. அதனை எள்ளுவது என் நோக்கமன்று. ஆனால் புதுப்பெயர் சூட்டியதோடு கடமை முடிந்ததெனக் கைகழுவிக் கொள்வோரை எள்ளாதிருக்கவும் இயலவில்லை.

பழம்பெருமை பேசுவோர் இவ்விடத்திற் குறுக்கிட்டு, நம் முன்னோர் காட்டிய கருணையை எடுத்துரைப்பர். அவர்கள் புறநானூற்றின் 28ஆம் பாட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். குருடு, கூன், குறள், ஊமை, செவிடு யாவும் பயனற்ற பிறப்புகளென அங்கே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. இரட்டைப்புலவரை நாம் எவ்வாறு நினைவு வைத்திருக்கின்றோம்? தில்லைக் கலம்பகம் பாடிய புலவர்களாகவா? இல்லை, நடக்கமாட்டாதவரைப் பார்வையற்றவர் தோளிற் சுமந்த வேடிக்கைக் கதையாகவே நம்மவரிற் பெரும்பாலார் அவர்களை அறிவர். இன்றைய கதாசிரியரும் இவ்வழக்கினின்று முற்றாக விடுபட்டாரல்லர். பாவம் செய்த பாத்திரத்துக்கு இறுதி அத்தியாயத்திற் கண்ணைப் பறித்துவிடும் கதைகள் எத்தனை!

இக்கதைகளுக்கு அடியில் இருப்பது முன்வினைக் கோட்பாடே. நிலமானியச் சமுதாயத்தின் இவ்வெச்சம் வசதியுள்ளோருக்கு மிக வசதியானது. துன்பத்துக்குத் துன்புறுவோனையே காரணமாக்கி மற்றையோரை விடுவித்துவிடுகின்றது. 2009இல் முடிந்த போரில் வடக்கிலும் கிழக்கிலும் கால் இழந்தோர், கண் இழந்தோர் எத்தனை பேர்! எறிகணை வந்து விழுமுன் எவருடைய முற்பிறப்புக் கணக்கையும் விசாரித்ததில்லை. தெற்கிலே கால் இழந்து ஊர் திரும்பிய ஏழைச் சிப்பாய்க்கும் இவ்வுண்மை பொருந்தும்.

சட்டம் இல்லையா என வினவலாம். உண்டு. அரசாங்க வேலை வெற்றிடங்களில் 3 வீதத்தை இவர்களுக்கு ஒதுக்குமாறு 1988இன் 27/88ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை பணித்தது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காரணங்காட்டி வேலையிலோ கல்விக்கூடத்திற் சேர்ப்பதிலோ பாரபட்சம் காட்டலாகாது என்றது. பொது இடங்களுக்குட் செல்வதற்கும் தடையிருத்தலாகாது என்றது. 2006இல் அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. ஏற்கெனவே இருந்த கட்டடங்களைத் திருத்தத் தவணையும் கொடுக்கப்பட்டது. தவணை கழிந்து பல்லாண்டுகளாயின.

சட்டம் இருந்தும் அது அசையவில்லை. 1992இல் வாகனத்தின் மேல் மரம் வீழ்ந்ததால் நடக்கும் ஆற்றலை இழந்த அஜித் பெரேரா, சக்கர நாற்காலியில் இருந்தவாறே உயர் நீதிமன்றத்துக்குச் சென்று வாதாட நேர்ந்தது. புதிதாக எழும் பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமையவே கட்டப்பட வேண்டுமென நீதிமன்றம் 2011 ஏப்பிரலிற் கட்டளையிட்டது. நாட்டின் சட்டத்தை நாடு கைக்கொள்ள வேண்டும் என்பதற்கே ஒரு வழக்குத் தேவைப்பட்டது என்பதை வாசகர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், பாதிக்கப்பட்டவரே மனுவோடு மாகாண மேல் நீதிமன்றத்தை நாட வேண்டும். படியேற முடியாதவன் தன் குறையைச் சொல்ல முதலில் நீதிமன்றப் படியேற வேண்டுமாம்!

அரசியலமைப்பையும் பார்ப்போம். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் என்பவற்றின் பேரில் பாரபட்சம் காட்டலாகாதென 12ஆம் உறுப்புரையின் 2ஆம் பிரிவு கூறுகின்றது. அப்பட்டியலில் உடற்குறை இல்லை. பின்வரும் 4ஆம் பிரிவிலேதான், பெண்கள், பிள்ளைகள் ஆகியோரோடு இவர்களுடைய முன்னேற்றத்துக்கும் விசேட ஏற்பாடு செய்யலாம் எனக் காண்கின்றோம். முன்னையது ஒருவன் உரிமையோடு கேட்கக்கூடியது. பின்னையது அரசு மனமுவந்து செய்யக்கூடியது. டிசெம்பர் மாத மேடையில் நாம் காணும் கொடுப்போன், பெறுவோன் என்ற உறவு நாட்டின் மூலச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது. பாராளுமன்றம் 2ஆம் பிரிவிற் சேர்க்க வேண்டியது ஒரேயொரு சொல்.

ஏழை நாட்டுக்கு இவையெல்லாம் கட்டுமோ என்பார் உளர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர், அதாவது ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒருவர், ஏதேனும் உடற்குறையுடையோர். இத்தனை பேரை வேலைக்கும் பள்ளிக்கும் வரவொட்டாது வீட்டில் அடைத்துவைக்கும் செலவை எவரும் கணக்கிடுவதில்லை. வாசலில் ஒரு சாய்தளம் அமைக்கும் சீமெந்தையே கணக்கிடுகின்றனர். கட்டும்போதே அமைத்தால் அச்செலவும் சொற்பமே. முழங்கால் நோகும் முதியவரும் நிறைமாதக் கர்ப்பிணியும் அதே வழியாற் செல்வர்.

நம் முற்போக்கு அன்பர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியுள்ளது. ஒடுக்கப்பட்டோர் பற்றிய நூல்களின் வெளியீட்டு விழாக்களை மின்தூக்கி இல்லாத மேல்மாடி மண்டபங்களில் நடத்துகின்றார்களே, அங்கு யார் யார் வர முடியும்? அடுத்த அழைப்பிதழில் தலைவர் பெயரோடு, மண்டபம் எத்தனையாவது மாடியில் உள்ளது, ஏறவேண்டிய படிகள் எத்தனை என்பதையும் அச்சிடட்டும்.