ரெண்டு மடங்கு தொங்கினா சும்மா விடலாமா?

ஸ்டீல் டிசைன் படிக்கிற யாரும் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டிய கட்டடம் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் இருந்த சிவிக் சென்டர் உள்விளையாட்டரங்கம். சுமார் 110 மீட்டர் நீளம், 91 மீட்டர் அகலத்துக்கு ஸ்டீல் ஸ்பேஸ் ஃப்ரேம் கூரை. தாங்குறதுக்கு நாலே நாலு தூண். கம்ப்யூட்டர் வச்சு டிசைன் பண்ணினாங்க. 1970-களின் தொடக்கத்தில் அது பெரிய விஷயம்.

கூரையைத் தரையிலேயே பூட்டி, ஜாக்கி வச்சு மேலே தூக்கினார்கள். அப்புறம் அளந்து பார்த்தால், கணக்கில் வந்ததைவிட ரெண்டு மடங்கு தொங்குது! டிசைன் பண்ணவங்களிடம் சொன்னாங்க. கணக்குக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் வரத்தான் செய்யும்னு விட்டுட்டாங்க. ஓரத்துப் பேனல் பொருந்தலைன்னு வந்தவரையும் எப்படியாவது மாட்டச் சொல்லி அனுப்பியாச்சு.

1978 ஜனவரி 18, விடியற்காலை நாலேகால். பனி படிந்த கூரை அப்படியே கீழே விழுந்தது. முந்தின ராத்திரிதான் சுமார் 5,000 பேர் அங்கே கூடைப்பந்து மேட்ச் பார்த்துட்டுப் போயிருந்தாங்க. யாருக்கும் அடியில்லை. காரணம் இன்ஜினியரிங் இல்லை, கடிகாரம்.

என்ன நடந்தது? மேல் அடுக்கு மெம்பர்கள் அழுத்தத்தில் இருப்பவை. நடுவில் பிரேசிங் பிடிச்சுக்கும்னு டிசைனில் எடுத்துக்கிட்டாங்க. கட்டின விதத்தில் அந்தப் பிடி பல இடங்களில் உருப்படியா இல்லை. ஆய்லர் ஃபார்முலா ஞாபகம் இருக்கா? பிடிப்பில்லாத நீளம் ரெண்டு மடங்கானா, பக்லிங் லோடு நாலில் ஒரு பங்காயிடும். கம்ப்யூட்டரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அதுகிட்ட சொன்ன கூரை வேற, மேலே நின்ன கூரை வேற.

இதைப் படிச்சப்போ எனக்குக் கோபம் வரலை, பயம்தான் வந்தது. மூணாம் வருஷ லேப்பில் எங்க டீம் ஒரு சின்ன டிரஸ்ஸில் எடை போட்டு அளந்தோம். டயல் கேஜ் ரீடிங் கணக்கைவிட ரொம்ப அதிகம். நாங்க என்ன செஞ்சோம் தெரியுமா? கணக்குக்குத் தோதா ஒரு நம்பரை ரெக்கார்டில் எழுதி, சைன் வாங்கிட்டு கேன்டீனுக்குப் போயிட்டோம். நீங்களும் செஞ்சிருப்பீங்க, மறைக்காதீங்க.

ரீடிங் ஒத்துப்போனா மார்க்னு இருக்கிறவரை இது நடந்துக்கிட்டேதான் இருக்கும். ஒத்துப்போகலைன்னா ஏன்னு எழுதுறதுக்குத்தான் மார்க் தரணும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஒவ்வொண்ணிலும் அதுக்குன்னு ஒரு பக்கம் கட்டாயம் வேணும். கையால் போட்ட கணக்கு, சாஃப்ட்வேர் விடை, ரெண்டும் எங்கே பிரியுது, அவ்வளவுதான்.

எங்க ரிப்போர்ட்டில் அந்தப் பக்கத்தைச் சேர்த்துட்டோம். விடை தெரியாத கேள்வி ரெண்டு அதில் அப்படியே இருக்கு. வைவா அடுத்த வாரம்.