பெல்ட்டின் கூச்சலும் சங்கத்தின் கடமையும்

எஞ்சினின் பெல்ட் கிறீச்சிட்டால் அதன்மேல் சிறிது மெழுகைத் தடவிவிட்டு மேற்கொண்டு வேலையைப் பார்ப்பது என்பது தோட்டங்களிலும் தறிக்கூடங்களிலும் நெடுநாளாக வழங்கிவரும் வைத்தியம். மெழுகு இல்லாத இடத்தில் சோப்பு. சோப்பும் இல்லையென்றால் கைக்கு அகப்பட்ட எண்ணெய். சப்தம் அடங்கிவிடுகிறது, ஆகவே கோளாறும் தீர்ந்துவிட்டது என்று கருதப்படுகிறது. இவ்வழக்கத்தை நம் அங்கத்தினர்கள் அறவே கைவிட வேண்டும் என்பதும், செய்யத்தக்க பரிகாரத்தைச் செய்வதற்கு ஒவ்வொரு சங்கமும் துணை நிற்க வேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம்.

நீர்மூழ்கி மோட்டார் வந்தபின் பெல்ட்டைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1895-இல் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. அவ்வாய்க்கால் நீருக்கு யந்திரம் வேண்டுவதில்லை என்பது மெய்தான். ஆயினும் வாய்க்கால் எட்டாத தோட்டங்களில் டீசல் எஞ்சினால் ஓடும் பம்பு உண்டு. திராட்சைக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் உண்டு. பவர் டில்லர் உண்டு. ஊர்தோறும் மாவு மில் உண்டு. ஆண்டிப்பட்டிப் பக்கத்தில் சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் முதலிய ஊர்களில் நெசவே பலருக்குப் பிழைப்பு. அங்கே விசைத்தறியை ஓட்டும் மோட்டாரின் வலிமை பல தறிகளுக்குப் பெல்ட்டின் வழியாகவே போய்ச் சேருகிறது. நம் அங்கத்தினர் பலரின் ஒருநாள் வருமானம் இன்றும் ஒரு ரப்பர்ப் பட்டையைத்தான் பற்றிக்கொண்டு நிற்கிறது.

கூச்சல் ஏன் எழுகிறது? இப்போது பெரும்பாலும் வழக்கிலுள்ள வி-பெல்ட், புல்லியின் பள்ளத்தில் இரு பக்கச் சரிவுகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது. பள்ளத்தின் அடியை அது தொடுவதில்லை. பெல்ட் தளர்ந்தால் அந்தப் பிடி நழுவுகிறது. நழுவுவதால் சூடேறுகிறது, சூட்டினால் அதன் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்துப் போகின்றன, பளபளத்த பெல்ட் முன்னிலும் அதிகமாக நழுவுகிறது. எண்ணெய் இட்டால் சப்தம் நிற்கும், நழுவல் நிற்பதில்லை. அன்றியும், எண்ணெய் ரப்பரை ஊதச் செய்து கெடுக்கிறது. மெழுகோ தூசியையும் பஞ்சையும் வாரிச் சேர்த்துப் பள்ளத்தில் பொருக்காக்குகிறது. அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவது நோய்க்கு மருந்தாகுமா?

நஷ்டத்தின் அளவையும் அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும். பம்பின் சுழற்சி நூற்றுக்குப் பத்துக் குறைந்தால், அது தள்ளும் நீரின் அளவும் நூற்றுக்குப் பத்துக் குறையும். நீரை உயர ஏற்றும் ஆற்றலோ நூற்றுக்குப் பத்தொன்பது குறைந்துவிடும். கிணற்றில் நீர் கீழே இறங்கிவிட்ட கோடையில் இவ்வித்தியாசமே குழாயின் வாயில் நீர் வருவதற்கும் வராமைக்கும் காரணமாகலாம். தறியிலோ, ஓட்டம் சீராக இல்லாதபோது நாடா உரிய நேரத்தில் பெட்டியைச் சேராது, தறி நிற்கும், நூல் அறும், துணியில் குறை விழும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சையின் கதையும் அதுவே. பனியும் மழையும் கலந்த நாளில் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தடிக்க வேண்டிய வேளையில் ஸ்பிரேயர் நின்றுபோனால், பெல்ட்டின் விலை எங்கே, கொடியின் விலை எங்கே?

ஆகவே கூச்சலை அடக்குவதற்கு முன் அதைக் கேட்டறிய வேண்டும். யந்திரம் புறப்படும்போதோ பாரம் ஏறும்போதோ நீண்டு ஒலிக்கும் கிறீச்சொலி பெரும்பாலும் தளர்ச்சியைக் காட்டும். சுழற்சிக்கு ஒருமுறை விட்டுவிட்டு எழுந்து, வேகத்தோடு கூடவே விரையும் சிற்றொலி, இரு புல்லிகளும் ஒரே நேரில் இல்லாமையைக் காட்டும். பெல்ட்டைக் கழற்றி எஞ்சினை ஓட்டியபின்னும் உறுமல் நீடித்தால் குற்றம் பெல்ட்டில் இல்லை. பேரிங்கைப் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினாயின் மற்றொரு சோதனையும் உண்டு. காப்புக் கூண்டைக் கழற்றாமல், எட்ட நின்று, பெல்ட்டின்மேல் சிறிது நீரைத் தூவிப் பார்க்கலாம். சப்தம் அதிகரித்தால் தளர்ச்சி. அடங்கிப் பின், நீர் உலர்ந்ததும் மீண்டும் எழுந்தால் நேரின்மை. மின் மோட்டாரின் அருகில் இச்சோதனையை ஒருபோதும் செய்யலாகாது.

அதன்பின் யந்திரத்தை நிறுத்தி, மோட்டாராயின் மின் இணைப்பையும் துண்டித்துவிட்டுப் பரிகாரம் தேட வேண்டும். இரு புல்லிகளின் முகத்திலும் படும்படி ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தால், அது நான்கு விளிம்புகளையும் ஒருங்கே தொட வேண்டும். தொடாத பக்கத்தைச் சரிசெய்தல் வேண்டும். பெல்ட்டின் நடுவில் அழுத்திப் பார்க்கையில், புல்லிக்குப் புல்லி 1 மீட்டர் இடைவெளிக்குச் சுமார் 16 மில்லிமீட்டர் அமிழ்வது முறை. அதற்குமேல் அமிழ்ந்தால் தளர்ச்சி. கம்பிபோல் விறைத்து நின்றால் பேரிங்குக்குக் கேடு. பள்ளத்தின் அடி தேய்ந்து பளபளத்தால் பெல்ட்டோ பள்ளமோ தேய்ந்துவிட்டது என்று பொருள். பல பெல்ட்டுகள் சேர்ந்து ஓடும் இடத்தில் ஒன்று கெட்டாலும் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்ற வேண்டும். இல்லையேல் புதியது ஒன்றே முழுப் பாரத்தையும் சுமந்து விரைவில் மாளும். புதுப் பெல்ட் 24 மணி நேரம் ஓடியபின் சிறிது நீண்டு தளரும். அப்போது மறுபடியும் இறுக்குவது இன்றியமையாதது.

பெல்ட் அற்ப விலைக்குக் கிடைக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்பார் உளர். கோணிய புல்லியில் மாட்டிய புதுப் பெல்ட்டும் பழைய பெல்ட்டின் வழியிலேயே போகும் என்பதே அவர்களுக்கு நமது விடை.

இனி, பணத்தைக் காட்டிலும் பெரிய காரியம் ஒன்று உண்டு. மெழுகோ சோப்போ தடவுகிறவர் யந்திரத்தை நிறுத்திவிட்டா தடவுகிறார்? ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டின்மேலேயே கையை நீட்டுகிறார். பெல்ட்டும் புல்லியும் கூடும் இடத்தில் விரல் அகப்பட்டால் அதை மீட்கும் அவகாசம் எவருக்கும் கிடைப்பதில்லை. வேட்டி நுனி, சேலைத் தலைப்பு, கூந்தல் இவற்றுக்கும் அதே ஆபத்து. சுழலும் உறுப்புகளுக்குக் காப்பு இட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. ஆனால் வீட்டோடு சேர்ந்த இரண்டு தறிக் கூடத்தையும் தோட்டத்து எஞ்சின் கொட்டகையையும் அச்சட்டம் எட்டியதில்லை. சட்டம் எட்டாத இடத்தில் எட்டக்கூடியது சங்கம் ஒன்றே. நெசவாளிக்கும் உழவனுக்கும் விரல்களே முதல். அம்முதலுக்குக் கடன் கொடுக்கும் பாங்கு எங்கும் இல்லை.

தனியொருவரின் பெல்ட்டுக்குச் சங்கம் பொறுப்பாகுமா என்ற கேள்வியும் எழக்கூடும். 1904-இல் இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபோது, கடன் என்பது தனி மனிதனின் கவலை என்ற எண்ணம் மாறத் தொடங்கிற்று. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியபோது கைத்தறித் துணியின் விற்பனையும் பொதுக் காரியமாயிற்று. யந்திரம் வாங்கக் கடன் தரும் சங்கம், அந்த யந்திரம் கெடாமல் ஓடுவதில் அக்கறை கொள்ளாவிட்டால், கொடுத்த கடனையே அக்கறையின்றி விட்டதாகும்.

ஆகவே நாம் கோருபவை நான்கு. ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினருள் ஒருவருக்கேனும் இவ்வேலையில் பயிற்சி அளிக்கட்டும். அங்கத்தினர்களின் யந்திரங்களுக்குரிய பெல்ட் அளவுகளை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கட்டும். மேல் அகலம் 13 மில்லிமீட்டருக்கு ஏ, 17-க்கு பி, 22-க்கு சி என்னும் எழுத்தும், நீளத்தைக் குறிக்கும் எண்ணும் பெல்ட்டின்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அவ்வளவுகளில் பெல்ட்டுகளை மொத்தமாக வாங்கிக் கையிருப்பில் வைக்கட்டும். யந்திரக் கடன் வழங்கும்போது காப்புக் கூண்டின் விலையையும் அதில் சேர்த்து, கூண்டு பொருத்திய பின்னரே கடைசித் தவணையை அளிக்கட்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரையிலும் பெல்ட் கிறீச்சிட்டால் முதலில் யந்திரத்தை நிறுத்துங்கள். கையைப் பிறகு நீட்டலாம்.